மேருவில் ஊதாச் சட்டைக்குத் திறக்காத கதவுகள்

1

மலேசியாவுக்கு வந்து ஒன்பது வருடம் நிறைகிற வாரத்தில் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். எண் சீட்டை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த அதிகாரிக்கு என் மகனாக இருக்கக்கூடிய வயது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். பல்கலைக்கழகத்தில் மகப்பேறு தொடர்பான புள்ளிவிவர ஆய்வாளர் என்று சொல்லத்தான் நினைத்தேன். என்னுடைய மலாய் காய்கறி வாங்கப் போதும், பதவியைச் சொல்லப் போதாது. ஆகவே, "குழந்தைகளை எண்ணுகிறேன்" என்று சொல்லிவைத்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணி முடித்துவிட்டீர்களா?" என்றார்.

"இன்னும் இல்லை."

சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வருடத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

விருதுநகரிலிருந்து பேசுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அங்கே போய் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்? கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். என் வேலையைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் சாப்பாட்டுக்குப் பேச்சு மாறிவிடுகிறது. இந்த முறை எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்குக் கீழே இனம் என்ன என்று ஒரு வரி இருக்கும். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். வந்த புதிதில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அது எனக்கு எப்போதாவது உறுத்தியதா? பழகிய கட்டம் கண்ணில் படுவதில்லை.

என் மகள் இங்கே தேசியப் பள்ளியில் படிக்கிறாள். பன்னிரண்டு வயது. பள்ளியில் கொடுத்த ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ம்மா, நான் இந்தியன் பங்சாவா, இந்தியன் பாஸ்போர்ட்டா? ரெண்டும் வேற வேற லா" என்றாள். பங்சா என்றால் இனம்; லா என்பது இங்கே எல்லாரும் பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்கிற அசை. இரண்டும் என்றேன். "அதுக்கு பாக்ஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவளாகவே எதையோ டிக் செய்துகொண்டு போய்விட்டாள். எதை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போதெல்லாம் என்னிடம் கேள்வி கேட்பாள், பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

அலுவலகத்தில் என் கணினித் திரையிலும் அதே நான்கு கட்டங்கள்தான். எங்கள் கைக்கு வந்த தகவலில் இந்தியர் என்ற வரிசையில் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளும் நாள் வருமுன் பிறந்த குழந்தைகளும் கண்ணை உறுத்துகிற அளவுக்கு இருந்தார்கள். இந்தியர் என்றாலும் அந்த வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மூன்று நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்கள். அதே அரசாங்க கிளினிக், அதே இலவசப் பரிசோதனை. பிறகு ஏன்?

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த 'ஏன்' வியாதி உண்டு. கல்யாண வீட்டில் சாம்பார் ஏன் தீர்ந்தது என்று சமையல்காரரிடம் விசாரிக்கிற ஆள் நான்.

3

கணினியைப் பார்த்து இதற்குப் பதில் கிடைக்காது, அந்தப் பெண்களோடு சேர்ந்துதான் தேட வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் முடிவெடுத்தார். கெடாவில் பிறந்த மலாய்ப் பெண்மணி, பிரசவ மருத்துவர். அதிகம் பேச மாட்டார். கிள்ளானுக்கு வடக்கே மேருவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்கள் குழு ஒன்று இருப்பதாக அறிந்து அங்கே போனோம். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் ஏறினால் கிள்ளான், அங்கிருந்து வாடகைக் காடி. இங்கே காரைக் காடி என்பார்கள், நானும் இப்போது அப்படியே சொல்கிறேன்.

குழுவின் தலைவி லெட்சுமி அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களை உட்காரச் சொன்னார், பசியாறியாச்சா என்று கேட்டார், தோசை வரவழைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை சிரித்த முகமாக இருந்தவர் கை கழுவியதும் ஆரம்பித்தார்.

"மிஸ், உங்களுக்கு முன்னாடி ஒரு கூட்டம் வந்துச்சு. வீடு வீடாப் போயி கேள்வி கேட்டாங்க. போறப்ப ஆளுக்கொரு துண்டு குடுத்தாங்க. அந்தத் துண்டு இன்னும் என் வீட்டுல கிடக்கு. கேட்ட கேள்விக்கு என்னா பதில் வந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லல. நீங்களும் துண்டு குடுக்கப் போறீங்களா?"

நான் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அப்படியானால் இரண்டு நிபந்தனை என்றார் அக்கா. கண்டுபிடிப்பதை முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் புத்தகத்தில் போட வேண்டும். எதைச் செய்வதானாலும் எங்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். பேராசிரியர் அதே இடத்தில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் பார்த்த ஆய்வு ஒப்பந்தங்களிலேயே அதுதான் சின்னது, அதுதான் தெளிவானது.

குழுவிலிருந்து ஏழு பெண்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். கருவுற்ற பெண்களைத் தேடிப் போய், சீக்கிரமாக கிளினிக்குக்குக் கூட்டிவந்து பிங்க் புக் போட வைப்பது அவர்கள் வேலை. அதுதான் இங்கே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவுப் புத்தகம். பன்னிரண்டு வாரத்துக்குள் போட்டுவிட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

அந்த ஏழு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை கொடுப்போம் என்பது என் யோசனை. நல்ல ஊதா நிறம். முதுகில் வயிற்றைப் பிடித்தபடி நிற்கிற ஒரு தாயின் படம். பார்த்தவுடன் யாரென்று தெரிய வேண்டும், நம்பிக்கை வர வேண்டும் என்று வாதாடினேன். லெட்சுமி அக்கா சட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு மிஸ்" என்றார். அந்தத் 'தான்'-ஐ நான் கவனித்திருக்க வேண்டும்.

4

மூன்று மாதம் கழித்துத் தகவலை எடுத்துப் பார்த்தால், பன்னிரண்டு வாரத்துக்குக் குறைவான பெண்கள் என்ற கட்டத்தில் ஒருவர்கூட இல்லை. நாலாம் மாதம் இருந்தார்கள், ஆறாம் மாதம் இருந்தார்கள், எட்டாம் மாதத்தில் கூட்டமே இருந்தது. முதல் மூன்று மாதத்தில் அந்தக் குடியிருப்பில் யாரும் கர்ப்பமே ஆவதில்லை போல!

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படியொரு வெற்றிடம் கிடைத்தால் புள்ளிவிவரக்காரிக்கு அது விருந்து. ஷிப்டு நேரமா, விடுப்புக் கிடைக்காததா, பஸ் இல்லாததா என்று விதவிதமாக வரைபடம் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் நானே நேரில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன், ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

போனது சுமதி வீட்டுக்கு. நாலாவது மாடி. சுமதிக்கு இருபத்தேழு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, கணவர் லோரி ஓட்டுகிறார். போன வருடம் ஏழாம் மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவர். அந்த அனுபவத்தைப் பேசச் சம்மதமா என்று கேட்பதுதான் என் நோக்கம். கதவைத் திறந்தவர் மாமியார் பாக்கியம். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை நீண்டது. "என்னா பாக்கியம், வீட்டுல விசேஷமா?"

"ஒரு விசேஷமும் இல்ல" என்றார் பாக்கியம். என்னிடம், "தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

5

கீழே லெட்சுமி அக்கா வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ மிஸ், அங்க எதுக்குப் போனீங்க? அந்தப் புள்ளைக்கு இப்ப ஒம்பது வாரம். என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கு."

"நம்ம தன்னார்வலர் யாரும் ஏன் போகலை?"

"எப்படிப் போவாங்க? இந்த பாஜுவப் போட்டுக்கிட்டு ஒரு வீட்டுக்கு முன்னாடி நின்னா, அந்த வீட்டுல வயித்துப் புள்ளக்காரி இருக்கான்னு மைக் வச்சுச் சொன்ன மாதிரிதானே? மூணு மாசம் முடியாம யாரு வெளிய சொல்லுவா? முதுகுல வேற படம் போட்டு வச்சிருக்கீங்க."

எனக்குத் தெரியாத விஷயமா இது? மகள் வயிற்றில் இருந்தபோது மூன்று மாதம் முடியும்வரை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அலுவலகத்தில் வாந்தி எடுத்தபோது ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று புளுகினேன். பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம் வாயுத் தொல்லை என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். இவ்வளவையும் செய்த அதே நான், ஆய்வாளர் என்ற பெயரோடு வந்தவுடன், ஏழு பெண்களின் முதுகில் கர்ப்பிணியின் படத்தை ஒட்டி மாடி மாடியாக அனுப்பியிருக்கிறேன். நம் ஊரில் கிராம செவிலியர் சீருடையில் வருவார், அந்த ஞாபகத்தில் செய்துவிட்டேன். அவர் காய்ச்சலுக்கும் வருவார், தடுப்பூசிக்கும் வருவார், எல்லா வீட்டுக்கும் வருவார் என்பதை மறந்துவிட்டேன். என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

"முன்னாடியே ஏன் சொல்லலை அக்கா?"

"நீங்க ஆசையா செஞ்சிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது? எதுன்னாலும் கேட்டுச் செய்யணும்னு கையெழுத்து வாங்குனவ நானு. நானே வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அப்புறம்தான் சுமதியின் கதையைச் சொன்னார். போன முறை பாக்கியத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டாம் மாதமே லட்டு வாங்கி எல்லா மாடிக்கும் கொடுத்துவிட்டார். கிளினிக்குக்குப் போனதோ ஆறாம் மாதத்தில்தான். ஷிப்டு, லீவு கிடைக்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறாள் என்ற நினைப்பு. போனபோது ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. ஏழாம் மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை பாக்கியம் ஒரே பிடியாக இருக்கிறார். ஐந்து மாதம் முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது, கிளினிக் வாசலையும் மிதிக்கக் கூடாது, அங்கே பாதிப் பேர் இந்தக் குடியிருப்புக்காரர்கள்.

"சுமதி தானாகப் போகக் கூடாதா?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் மிஸ். 'அத்தை பயப்படறாங்கக்கா, அவங்க பேச்ச மீறிப் போயி எதாச்சும் ஆயிட்டா அப்புறம் எப்படி அவங்க மூஞ்சில முழிப்பேன்'னு அழுவுது. சூசா லா, ரொம்பக் கஷ்டம்."

அன்று மாலை பேராசிரியரிடம் பெயர் சொல்லாமல் விவரத்தைச் சொன்னேன். ஒரு முறை இப்படி ஆனவருக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் தினம் ஒரு சின்ன மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றலாம், பதினாறைத் தாண்டினால் பலன் குறைந்துவிடும் என்றார். எனக்கு வரைபடம் எல்லாம் மறந்துபோயிற்று. ஒன்பது. பதினாறு. நடுவில் ஏழு வாரம்.

6

வழியைக் கண்டுபிடித்தவர் லெட்சுமி அக்காதான். "எல்லாருக்கும் பிரஷர் பாப்போம் மிஸ். அங்கிள், ஆன்டி, கடைக்காரரு, யாரா இருந்தாலும். சனிக்கிழமை காலையில பாசாருக்கு வர்ற கூட்டத்துல ஒரு மேசை. அதுல புள்ளத்தாச்சி வந்து உக்காந்தா யாருக்குத் தெரியும்? என் காதுல ஒரு வார்த்த சொன்னாப் போதும், கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து கிளினிக்குக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

பேராசிரியர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். ஆனால் ஆய்வில் ஒரு கமாவை மாற்றினாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பித்தோம். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கர்ப்பிணிகள் பற்றிய ஆய்வில் ஆண்களின் ரத்த அழுத்தத்தை ஏன் அளக்கிறீர்கள்? பெண்களின் ரகசியத்தைக் காக்க என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதம் வந்தது. ஒரு ரகசியத்தைக் காக்கத் தாங்கள் பயன்படுத்தப்படுகிறோம் என்பது அந்த ஆண்களுக்குத் தெரியுமா?

நியாயமான கேள்விதான். எனக்கே பிடித்திருந்தது, வேறு சமயமாக இருந்தால் உட்கார்ந்து ரசித்திருப்பேன். லெட்சுமி அக்கா குடியிருப்பின் அங்கிள்களைக் கூட்டிவைத்து விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் சொன்னாராம். "ஃப்ரீயா பிரஷர் பாக்குறீங்க, நம்ம புள்ளைங்களுக்கும் நல்லதுங்குறீங்க. எதுக்கு வேணாலும் யூஸ் பண்ணிக்கிங்க லா." அதையே கொஞ்சம் கௌரவமான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வந்தபோது சுமதிக்குப் பதினான்காவது வாரம்.

7

முதல் சனிக்கிழமை. ஊதாச் சட்டைகளை அக்கா வீட்டுத் துண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு எல்லாரும் சாதாரண உடுப்பில் வந்திருந்தோம். கீழ்த்தளத்தில், காய்கறிக் கடைக்கும் தோசைக் கடைக்கும் நடுவில் மேசை. அங்கிள்கள் வரிசை கட்டி நின்றார்கள். மூன்று பெண்கள் அக்காவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சுமதி மட்டும் வரவில்லை.

பதினோரு மணி வாக்கில் கையில் கீரைக்கட்டோடு பாக்கியம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லை போலும். பட்டையைக் கையில் சுற்றி அளந்தேன். எண் கூடுதலாக இருந்தது. அவர் என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தவங்க தானே நீங்க?"

"ஆமாம் ஆன்டி."

"எனக்குப் பிரஷர் இருக்கா?"

"இருக்கு. கிளினிக்குக்குப் போய் மாத்திரை எடுக்கணும்."

பின்னால் அங்கிள் ஒருவர் கனைத்தார். பாக்கியம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன வருசம் என் மருமவளுக்கும் பிரஷர்னு ஆஸ்பத்திரியில என்னவோ சொன்னாங்களாம். மகன்கிட்ட மலாயில சொன்னாங்க. அவன் வந்து, புள்ளைக்குச் சக்தி இல்லம்மான்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சுமதி என்ற பெயரை நான் எடுக்கவில்லை. பொதுவாகச் சொன்னேன். அழுத்தம் ஏறினால் குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையும், அதனால் அது வளர முடியாமல் போகும், முன்கூட்டியே தெரிந்தால் பல சமயம் தடுக்கலாம்.

"அப்போ நான் வாய விட்டதால இல்லையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ரெண்டாம் மாசமே லட்டுக் குடுத்தேன் மிஸ். மாடி மாடியா நாந்தான் போயிச் சொன்னேன். யாரு கண்ணு பட்டுச்சோன்னு ஒரு வருசமா நான் தூங்கல. என் வாய்தான் அந்தப் புள்ளைய முழுங்கிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அவரும் ஒரு வருடமாக 'ஏன்' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் எதுவும் சொல்லாததால், தன்னிடம் இருந்த ஒரே தகவலை வைத்துக் கணக்குப் போட்டு, தானே குற்றவாளி என்று தீர்த்துக்கொண்டிருக்கிறார். என் தொழிலில் எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டோம். இருக்கலாம், வாய்ப்புண்டு, தொடர்பு தெரிகிறது, இவைதான் எங்கள் மொழி. பதினெட்டு வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறேன்.

"இல்லை ஆன்டி" என்றேன். "உங்களால இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா. லட்டுக் குடுத்ததால எந்தப் புள்ளையும் சாகாது."

அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. பட்டை கையில் சுற்றியபடியே எழுந்தார். குழாய் இழுத்து மேசையிலிருந்த கருவி சரிய, லெட்சுமி அக்கா ஓடிவந்து பிடித்தார். பாக்கியம் அதையும் சேர்த்து வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு எட்டு வெளியே வந்து, நாலாவது மாடியை நிமிர்ந்து பார்த்தார். ரகசியத்துக்காக நாங்கள் வாரக்கணக்கில் கடிதம் எழுதி, குழுவிடம் மன்றாடி வாங்கிய ஒப்புதல் என் பைக்குள் இருந்தது. பாசார் முழுக்கக் கேட்கும்படி அவர் கூப்பிட்டார்.

"சுமதி! ஏய் சுமதி! கீழ வாம்மா! வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு மேல உக்காந்திருந்தா எப்படி? வந்து பிரஷரப் பாரு!"

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களும் தோசைக்கு நின்றவர்களும் திரும்பினார்கள். மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரொம்ப நேரம் கழித்துச் சுமதி படியிறங்கி வந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மாமியாரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாக்கியம் தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றினார். வரிசையில் நின்ற அங்கிள்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார்.

"மொதல்ல இவளுக்குப் பாருங்க மிஸ்."